நிற்கும் இடம்

என் தலையை இரண்டு முறை வரைந்திருக்கிறார்கள்,
ஒரே திரையில், பக்கத்துப் பக்கத்தில்,
மனை வாங்க வந்தவளுக்குக் காட்டுவதுபோல.

இது ஃபோட்டான், என்கிறார் டாக்டர் ரூலின்.
இடப்பக்கம் நுழையும், கட்டியைச் சுடும்,
பிறகும் நிற்காது. மறுபக்கம் வழியே போய்விடும்,
போகிற வழியெல்லாம் கொஞ்சம் சிந்திக்கொண்டே.

இது புரோட்டான்.
சொன்ன ஆழம்வரை போகும்.
கையிலிருப்பதை அங்கேயே கொட்டும்.
அதோடு சரி.

பதினெட்டு வருடமாய் க்ரோனிங்கனில்
பாலம் தூக்கி இறக்குகிறவள் நான்.
தண்ணீர் நிற்கும் இடத்தில்தான்
எங்கள் நாடே தொடங்குகிறது.

நிற்பதுதானே நல்லது, என்றான் மென்னோ.
எதையும் சட்டென்று வாங்கிவிடுகிறவன்;
போன வருடத்துச் சைக்கிளுக்கு இன்னும் பிரேக் சரியில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை.
எங்கே நிற்கும் என்பதில்
இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் ஆகலாம்.
அதற்கும் சேர்த்துத்தான் ஓரம் விடுகிறோம்.

ஃபோட்டான் படத்தில் ஒரு வெளிர்நீலம்
சுவரில் ஈரம் ஊறுவதுபோல் தலை முழுக்கப் பரவியிருந்தது.
புரோட்டான் படத்தில் பாதித் தலை வெறும் கறுப்பு.
இவ்வளவு இருட்டைப் பார்த்து
சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

இரண்டு காதுக்கும் உள்ளே
ஆளுக்கொரு பக்கம் ஒரு கடற்குதிரை.
புதிய பெயர்களை வாங்கி வைப்பவை அவைதானாம்.
இடப்பக்கத்தது கட்டிக்கு அடுத்த வீடு;
எந்தத் திட்டத்திலும் அதற்குத் தப்பில்லை.
வலப்பக்கத்தது பிழைக்கும்,
இதில் கொஞ்சம், அதில் நிறைய.

கொஞ்சத்துக்கும் நிறையவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?
பத்து வருடம் கழித்து, கடைக்குள் போய்
எதற்கு வந்தோம் என்று நிற்பீர்களா மாட்டீர்களா,
அதுவாக இருக்கலாம்.
இருக்கலாமா?
கையை விரித்தார்.
கட்டியை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று.
மிச்சத்துக்குக் கணக்கு இருக்கிறது,
காலம்தான் இன்னும் ஆகவில்லை.

காத்திருக்கும் அறையில் ஃபோக்கோ,
சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் லாரிக்காரர்.
நுரையீரலிலிருந்து நான்கு விதை பறந்துவந்து
மூளையில் முளைத்துவிட்டன என்றார்,
நாளைய மழையைப் பற்றிச் சொல்வதுபோல.
அவர் அண்ணனுக்குத் தலை முழுவதும் அடித்தார்களாம்,
நாலு களைக்காக வயல் முழுக்க மருந்து தெளிக்கிற மாதிரி.
களை போயிற்று. கூடவே
சீட்டாட்டத்தில் யார் எதை இறக்கினார்கள் என்பதும் போயிற்று.
இவருக்கு நான்குக்கும் தனித்தனியே, ஊசிமுனையில்,
ஒரே நாள். மத்தியானம் வீட்டில் சூப்.
'ஐந்தாவது முளைத்தால் மறுபடி வரணும்.
மூணு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்ப்பாங்க,
கடன் கொடுத்தவன் மாதிரி.'

எனக்கும் அந்த ஒரே நாள் வேண்டும்போலிருந்தது.
என்னுடையது உருண்டையில்லை, கசிவு.
எங்கே முடிகிறோம் என்று அதற்கே தெரியாது.
ஆறு வாரம், தினம் ஒரு சிறங்கை.

வியாழக்கிழமை போன் வந்தது.
இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை
கணினியில் போட்டுப் பார்த்தார்களாம்.
கோட்டைத் தாண்டினால் புரோட்டான்.
தாண்டிவிட்டேன், மயிரிழையில்.
(அந்த மயிரும் நுழைகிற இடத்தில் கொட்டும்,
திரும்ப முளைக்குமா தெரியாது என்று
அதே மூச்சில் சொன்னார்கள்.)
மென்னோ கேக் வாங்கிவந்தான்.

முகமூடி மேசையோடு பூட்டப்படுகிறது.
வலியில்லை. மணமில்லை.
ஏதோ ஒன்று எனக்குள் வந்து நிற்கிறது,
நிற்கிற சத்தமும் இல்லை.

வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் ஒருத்தி
பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
நெற்றியிலும் கன்னத்திலும் அதே வலைத்தடம்.
'நீங்க எந்தக் கட்டடம்?'
கை காட்டினேன்.
'நான் அந்தப் பக்கம். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன்,
அரைப் புள்ளி.'
கோபமாகச் சொல்லவில்லை.
காற்றழுத்தம் சொல்வதுபோல் சொன்னாள்.

நானும் அவளும் ஒரே கால்வாயோரம் மிதித்துப் போனோம்,
எதிர்க்காற்றில், பேசாமல்.
என் பாலம் தூக்கியிருந்தது.
மணல் படகு ஒன்று அவசரமில்லாமல் கடந்தது.
அப்போதுதான் பெயர் கேட்டேன்.

ஆல்ட்யே.
வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.
காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தேடினேன்.
இருந்தது.